செருப்போடு தூங்குபவள்

அங்கன்வாடிப் பதிவேட்டில்
எடைக்கு ஒரு கட்டம் உண்டு, உயரத்துக்கு ஒன்று.
லோஜினி, நாலரை வயது:
பன்னிரண்டு கிலோ நானூறு.
மதியம் பாயில் படுக்கும்போதும்
செருப்பைக் கழற்ற மாட்டாள் என்பதை
எந்தக் கட்டத்தில் எழுத?

ஐப்பசியில், எட்டாம் நம்பர் லயத்துக்கு மேலே இருந்த
தேயிலைச் சரிவு
ராத்திரி ஒன்றரைக்கு இறங்கி வந்தது.
கதவுநிலைக்கும் பீரோவுக்கும் நடுவில்
விடியும்வரை இருந்தாளாம்.
தீயணைப்புக்காரர் தூக்கியதும்
முதலில் கேட்டது,
'என் செருப்பு எங்க?'

ஊட்டியிலிருந்து வந்த கவுன்சலிங் மேடம்
படம் வரையச் சொன்னார்.
சூரியன் வரைந்தாள், ஒரு வாத்து வரைந்தாள்.
மேடம் டிக் அடித்துவிட்டு
கோத்தகிரிக்குக் கடைசி பஸ் பிடித்தார்.

மறுநாள் தொடங்கியது ஆட்டம்.
சத்துமாவுத் தட்டில் இரண்டு ஸ்பூன்களைப் புதைப்பாள்.
'டமார்', சத்தமில்லாமல், உதட்டில் மட்டும்.
ஒன்றைத் தோண்டி எடுத்து
பாவாடையில் துடைத்து
என் உள்ளங்கையில் வைப்பாள்.
மற்றதைத் தொட மாட்டாள்.
மாவு பாழாகிறதென்று ஆயா முணுமுணுத்தாள்.
நான் தடுக்கவில்லை. தடுக்கத் தெரியவுமில்லை.
நாற்பது நாள், அதே இரண்டு ஸ்பூன்.

பதிவேட்டில் அவள் பெயருக்கு அடுத்த பெயர்
பக்கத்து வீட்டு டிலக்ஷன்.
சிவப்பு மையால் அடிக்கச் சொல்கிறார் சூப்பர்வைசர்.
பேனா தீர்ந்துவிட்டது என்று
இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்கழியில் ஒருநாள் ஆட்டத்தில் ஆள் சேர்ந்தது.
'நீ மலை. நீ ஃபயர் சர்வீஸ்.
டீச்சர், நீங்க மழை. மெதுவா பெய்யணும்.'
விரல்களால் தரையைத் தட்டினேன்.
'இன்னும் மெதுவா.'
மலையாக நின்ற பிரதோஷ் களுக்கென்று சிரித்துவிட்டான்.
மலை சிரிக்கக் கூடாது என்று அதட்டினாள்,
அதட்டி முடிக்குமுன் அவளுக்கும் வந்துவிட்டது.

இன்று மதியம் நிஜ மழை.
தை பிறந்தபின் யாரும் எதிர்பார்க்காத மழை.
தகரத்தில் முதல் சத்தம் கேட்டதுமே
கொழுந்துப் பையோடு ஓடிவந்து
ஜன்னலில் முகம் வைத்தாள் கனகேஸ்வரி,
மகளைக் கண்ணால் எண்ணிக்கொண்டு போனாள்,
ஒன்று.
எனக்கும் வயிற்றைக் கலக்கியது.
லோஜினி எழுந்தாள்.
மலைப்பக்கச் சுவரிலிருந்து பாயை இழுத்து
கதவருகே போட்டாள்.
பிரதோஷின் பாயையும்தான், அவனோடு சேர்த்து.
பிறகு படுத்துக்கொண்டாள்.

தூங்கிய பின் பார்த்தேன்.
வலது காலில் செருப்பு இருக்கிறது.
இடது செருப்பு
கைக்கு எட்டும் தூரத்தில்,
வாசலைப் பார்த்தபடி.

அதை எடுத்து வரிசையில் வைக்கவில்லை.
பதிவேட்டை விரித்தேன், இருந்த கட்டத்தில் எழுதினேன்:
பன்னிரண்டு கிலோ எழுநூறு.