நிலுவையில் ஒன்று

வாட்ஸோவில் சூரியன் நவம்பர் கடைசியில் விடுப்பில் போனது,
விண்ணப்பம்கூடத் தராமல்.
மாலை நாலு மணி என்பதைக் கடிகாரம் சொல்லித்தான் நம்பவேண்டும்.
அடுக்களை மேசையில், மீன்சூப் கிண்ணத்துக்கு எதிரே,
நூலகத்தைத் திறக்கிறேன்:
ஒரு சொடுக்கு, ஒரு பச்சைப் புள்ளி,
நூலகர் இணைப்பில் இருக்கிறார்.

கேட்கிறார்கள்.
அரச நண்டை எத்தனை நிமிடம் வேகவைக்க?
ஐம்பத்திரண்டில் புயலோடு போன படகுக்கு என்ன பெயர்?
எரிமலை பற்றி இருநூறு சொல், நாளைக்குள்:
வினா எண்ணோடு, மதிப்பெண்ணோடு,
வீட்டுப்பாடத்தை அப்படியே ஒட்டுகிறான் ஒரு பொடியன்.
சுட்டி அனுப்புகிறேன். மூலம் சொல்கிறேன்.
சொந்தக் கருத்து கூடாது, அது விதி.
தலையில் இருப்பதை அல்ல
அலமாரியில் இருப்பதைத்தான் எடுத்துத் தரவேண்டும்,
அலமாரி இப்போது எந்த ஊர்க் கிடங்கில் முனகிக்கொண்டிருந்தாலும்.

ஏழே காலுக்கு 4471 வந்தார்.
நூலக அட்டையை வைத்து
நார்வே மொழி முதல்நிலை படிக்கிறவர்.
"யெம், யெம்மெ. என்ன வித்தியாசம்?"
ஆறாம் பாடம், மூன்றாம் காணொளி என்றேன்.
"பார்த்தேன். பத்துக்கு எட்டு வாங்கினேன்.
மீதி இரண்டைத்தான் கேட்கிறேன்."

பிழைகளின் சந்து வழியே ஆள் தெரியவந்தார்:
விகன்டஸ். மீன் ஆலை. இரவு ஷிப்ட்.
இடைவேளையில் ஒரு கையுறையை மட்டும் கழற்றி
ஒற்றை விரலால் தட்டுகிறார்.

வீட்டுக்கு என்றால் யெம்.
வீட்டில் என்றால் யெம்மெ.
போய்க்கொண்டிருந்தால் அது, இருந்தால் இது.
வால் எழுத்து ஒன்றுதான் வேறுபாடு என்று எழுதினேன்.

"சரி. ஷிப்ட் முடிந்து அறைக்குப் போனால் யெம்.
ஜூலையில் லிதுவேனியாவுக்கு விமானம் ஏறினாலும் யெம்.
இரண்டு பக்கமும் போகத்தான் செய்கிறேன்.
எத்தனை வருஷம் கழித்து
அந்த வால் முளைக்கும்?"

அகராதியைத் திறந்தேன். இலக்கணக் கையேட்டை.
புள்ளியியல் அலுவலகத்தின் அட்டவணையை:
வந்தவர் எத்தனை, திரும்பியவர் எத்தனை,
ஆண்டுவாரி, மாவட்டவாரி, பால்வாரி.
எந்தப் பத்தியிலும் இல்லை.
சூப்பில் ஆடை படிந்தது.
மூலம் கிடைக்கவில்லை என்று அனுப்பினேன்.
அதற்குள் அவர் கையுறை மாட்டிப் போயிருந்தார்.

மாதக் கடைசியில் ட்ரோம்சோவிலிருந்து ஓட்வார் எழுதினார்:
ஒன்று நிலுவையில் நிற்கிறதே, மூடிவிடேன்.
விடை தரப்பட்டது,
வேறிடம் அனுப்பப்பட்டது,
குப்பை.
மூன்றில் எதையாவது போடு.
மூன்றும் பொய் என்றேன்.
மின்னஞ்சலில் பெருமூச்சை எப்படி இணைத்தாரோ,
வந்து சேர்ந்தது.

பிப்ரவரியில், வெளிச்சம் மூன்று மணிநேரம்
எட்டிப் பார்க்கத் தொடங்கியபோது,
4471 மறுபடி வந்தார்:
"ஆறாம் பாடத்தைத் திரும்ப எழுதினேன். பத்துக்கு ஏழு."
குறைந்துவிட்டதே!
"யோசிக்காமல் எழுதியபோது எட்டு வந்தது" என்றார்.
ஒரு சிரிப்பு முகம்.
பிறகு, எட்டாம் பாடம் எப்போது திறக்கும் என்று கேட்டார்.
அதற்கு மூலம் இருந்தது. திங்கள், காலை ஒன்பது.

பத்து மணிக்குப் பச்சைப் புள்ளியை அணைத்தேன்.
வேலை முடிந்தது, இனி வீட்டுக்குப் போகலாம்.
நாலு மணியிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன்.
இதே நாற்காலி, இதே கரண்டி.

பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
உப்பு தூவாத பாதை, கால் வழுக்கியது.
துறைமுகம் வரை,
ஆலையின் மஞ்சள் சன்னல்கள் தெரிகிற இடம் வரை போய்
கொஞ்சம் நின்றேன்.
பிறகு திரும்பினேன்,
தெருமுனையில் ஒருத்தி கேட்டால்
யெம் என்று
பிழையில்லாமல் சொல்ல.