கருகிய குச்சிகள்

முதல் மாதச் சம்பளம் கைக்கு வருமுன்பே
என் சாப்பாட்டு மேசை மேடையேறிவிட்டது.
“நாலு வாரம்தான், தேக்லே,” என்றார் வாஜா.
இயக்குநர்களின் நாட்காட்டியில்
வாரத்துக்கு எத்தனை நாளோ.

நாடகம் இதுதான்: ஒரு சமையலறை, ஓர் அக்கா, ஒரு தங்கை,
திபிலீசி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு.
கொடுத்த பணத்துக்கு அறுபத்திரண்டு கிடைக்கவில்லை.
ஐம்பத்தெட்டின் கெண்டி ஒன்று,
எழுபதின் தராசு,
தன் வயது தனக்கே தெரியாத ஓர் அலமாரி.
வறண்ட பாலத்துச் சந்தையில் சனிக்கிழமை தோறும்
பதக்கங்களுக்கும் பல் பிடுங்கும் இடுக்கிகளுக்கும் நடுவே
குந்தியிருந்து பேரம் பேசினேன்.
“சினிமாவுக்கா?” என்றான் கடைக்காரன்.
சினிமா என்றால் விலை இரட்டிப்பு.
“வீட்டுக்கு,” என்றேன்.
பொய்யில்லை. ஒரு வீட்டுக்குத்தான்.

மேசைக்குப் பின்னால் நாற்காலிகள் போயின,
பிறகு திரைச்சீலை.
அதைக் கறுப்புத் தேநீரில் ஊறவைத்தேன்,
ஒரே இரவில் அதற்கு நாற்பது வயது கூடியது.
பேகா முதன்முதலாகச் சாப்பிட வந்தபோது
தரையில் செய்தித்தாள் விரித்திருந்தேன்.
“இப்போதுதான் குடிவந்தாயா?”
“இரண்டு வருடமாகிறது.”
மரத்தரையில் மேசைக்கால் அழுந்திய நாலு குழிகளை
அவன் விரலால் தடவிப் பார்த்தான்,
மேற்கொண்டு கேட்கவில்லை.
கிங்காலியின் சாறு முழங்கை வரை வழிந்தது.

தங்கையாக நடிக்கும் லமாரா
இரவுக்கொரு தட்டை உடைக்க வேண்டும்.
இருபத்தாறு காட்சி, இருபத்தாறு தட்டு,
எல்லாம் நானே வார்த்த சுண்ணத் தட்டு.
ஒத்திகையில் முதல் தட்டு
விழுந்து, துள்ளி, உருண்டு,
வாஜாவின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
யாரும் சிரிக்கவில்லை.
அவர் முகத்தைப் பார்த்த பிறகு
எல்லாரும் சிரித்தார்கள், என்னைத் தவிர.
கலவையில் நீர் கூட்டினேன்.
அடுத்தது கையிலெடுக்கும்போதே உடைந்தது.
பதினோராவது தட்டுதான்
உடைய வேண்டிய நேரத்தில் உடைந்தது.

முதல் காட்சி.
ஜாம் அசல், ரொட்டி அசல், ஒயின் மட்டும் மாதுளைச் சாறு.
அடுப்பில் நெருப்பில்லை,
சிவப்புத் தாள் சுற்றிய இரண்டு பல்புகள்.
நாலாவது வரிசையில் பேகா.
திரை விலகியதும் “குழி” என்றான்,
அது எனக்கு மட்டும் புரிந்த ஒற்றை வசனம்.

மறுவாரம் ஆட்டம் முடிந்து, நான் மேடை பெருக்கும்போது,
பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒருவர்
போகாமல் நின்றிருந்தார்.
நாற்பது வயதிருக்கும்.
“அடுப்புப் பக்கத்தில் தீப்பெட்டி மட்டும்தான் இருக்கிறது.”
“ஆமாம்.”
“எரிந்த குச்சிகள் எங்கே?”
எனக்குப் புரியவில்லை.
“எங்கள் வீட்டில் எரிந்த குச்சியை எறிய மாட்டார்கள்.
ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பார்கள்.
ஒரு பர்னர் எரியும்போது
அதில் அந்தக் குச்சியைக் காட்டி அடுத்ததைப் பற்றவைப்பார்கள்.
புதுக் குச்சி மிச்சம்.”
சொல்லிவிட்டுக் கடைசிப் பேருந்துக்கு ஓடினார்.
அவர் ஓட்ட வேண்டிய பேருந்தாகவும் இருக்கலாம்.

அன்றிரவு, மேசையும் நாற்காலியும் திரையும் இல்லாத
என் சமையலறையில் நின்றுகொண்டு
நாற்பது குச்சிகளை ஒவ்வொன்றாகக் கொளுத்தினேன்.
பாதி எரிந்ததும் ஊதினேன்.
எதிர்வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.
டப்பாவை அடுப்பின் வலப்புறம் வைத்தேன்.
முதல் வரிசைக்குக்கூட
அதற்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது.
லமாராவிடமும் நான் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், இரண்டாம் அங்கம்.
அக்காவின் நீண்ட வசனத்துக்கு நடுவே
அவள் கை டப்பாவுக்குள் போனது,
பார்க்காமல்.
ஒரு கருகிய குச்சியை எடுத்து
எரியாத அடுப்பில் காட்டினாள்,
கை மறைத்து, காற்றுக்கு அஞ்சி,
அடுத்த அடுப்புக்குக் கொண்டுபோனாள்.
இருட்டில் நின்றிருந்த நான்
அந்தப் பல்பின் பொத்தானை அழுத்தினேன்.

மறுநாள் பட்டியலில் சேர்த்தேன்:
கருகிய குச்சி, முப்பத்தொன்பது.
கீழே சிறியதாக,
தினமும் எண்ணவும்.