இடது காது, பதினைந்து சதவீதம்

மூன்றாவது பழுப்பு உறை.
கையெழுத்து வாங்கும்போது பரதராமி தபால்காரர்
ஏதோ கேட்டார். தலையாட்டினேன்.
எதற்கும் தலையாட்டிவிடுவது சௌகரியம்.

"பணியால் ஏற்பட்டதல்ல. பணியால் அதிகரித்ததுமல்ல.
மேற்கொண்டு மருத்துவச் சான்று இருப்பின்
ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்."
நானே படித்துவிட்டேன். இருந்தும் மல்லிகேஸ்வரி
என் முகத்துக்கு நேரே நின்று
வாயை அகலத் திறந்து இன்னொரு தரம் வாசித்தாள்.

உதட்டில் பணியும் மணியும் ஒன்றுதான்.
படி என்கிறார்களா மடி என்கிறார்களா என்று
கவுன்டரில் விழித்து நிற்கிறவன்
வாக்கியம் முடியும்வரை பொறுக்க வேண்டும்.

பதினேழு வருஷம் பீரங்கிக்குப் பக்கத்தில்.
காதுக்குப் பஞ்சு கொடுத்தார்கள்.
கொடுத்ததற்குச் சீட்டு இல்லை.
கூட நின்ற லான்ஸ் நாயக் சுப்பிரமணிய ரெட்டி
சாட்சிக் கடிதம் தருவதாகச் சொன்னான்,
சொன்ன மாசமே போய்ச் சேர்ந்தான்,
எல்லைக்கு அந்தப் பக்கம், யாதமரியில்.

சித்தூர் ஆஸ்பத்திரிச் சீட்டில் நான் முனிரத்னம் நாயுடு.
பட்டாளத்தில் வெறும் முனிரத்தினம்.
நடுவில் ஓர் எழுத்து விழுந்ததற்கு
நோட்டரிக்கு முந்நூறு ரூபாய்.

வேலூரில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்தார்கள்.
கேட்டால் பொத்தானை அமுக்கு என்று சைகை.
அமுக்கினேன்.
அமுக்கினேன்.
விரல் எடுக்காமல் அமுக்கினேன்.
கதவைத் திறந்து அந்தப் பெண்
துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள்:
"ஐயா, நான் இன்னும் சத்தமே கொடுக்கவில்லை."

எனக்குக் கேட்கிறதே, தாயி.
குக்கர் விசில் இறங்காமல் நிற்கிற மாதிரி,
அந்த மலையில் கடைசிக் குண்டு போன ராத்திரியிலிருந்து
தூக்கத்திலும் கேட்கிறதே.

படிவத்தைப் புரட்டிப் பார்த்தாள்.
அதற்குக் கட்டம் இல்லை.
கேட்காததற்குத்தான் சதவீதம்.

கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
பிறகு ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி எழுதி
முத்திரை குத்தினாள்.
அது மேசை வழியாக என் முழங்கைக்கு வந்து சேர்ந்தது.

குடியாத்தம் பஸ்ஸில் மல்லிகேஸ்வரி
அந்த வரியை வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.
"என்னவாம்?" என்றேன், சத்தமாகப் போலிருக்கிறது,
முன் சீட்டுக்காரர் திரும்பினார்.
உதட்டைப் பிதுக்கினாள். டாக்டர் எழுத்து.

ஆறு மாதத்தில் நாற்பத்தொரு நாள் போய்விட்டது.
நாளைக்கு மூன்று செட் ஜெராக்ஸ்.
அந்த ஓரத்து வரி வெட்டுப்படாமல் விழ வேண்டும்.