கட்டைவிரலில் ஒரு வலை

அறிவியல் கண்காட்சிக்கு இன்னும் ஒன்பது நாள்.
ரெஜினா தெர்மாகோலில் இதயம் அறுக்கிறாள்.
சிவநேசன் இரண்டு பலூனை ஊதி
நுரையீரல் என்கிறான்.
எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தேவனாம்பட்டினம் கரையில்
அப்பாவின் தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்தேன்.
இழுத்த இழுப்பில்
முள் கட்டைவிரலுக்குள் போய்
மீனைப் பிடிப்பதுபோல் என்னைப் பிடித்தது.

அஞ்சலாட்சி சித்தி
காப்பித்தூள் டப்பாவோடு ஓடிவந்தாள்.
கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

போன வழியே திரும்பாது தூண்டில் முள்;
பின்னோக்கி ஒரு பல் உண்டு அதற்கு.
ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலை மரக்கவைத்து,
முன்னே தள்ளி, பல்லை நறுக்கி எடுத்தார்கள்.
பிறகு குழாய், சோப்பு, ஓடும் தண்ணீர்.
முந்நூறு எண்ணச் சொன்னார் செவிலியர்.
எரிந்தது. எண்ணினேன்.

அம்மா ரேஷன் கார்டுக்கு அடியிலிருந்து
தடுப்பூசி அட்டையைத் தேடிக் கொண்டுவந்தாள்.
குழந்தையில் எல்லாம் சரியாக.
கடைசியாக, ஐந்தாம் வகுப்பில்.
சத்துணவு அண்டாவுக்குப் பின்னால் நான் ஒளிந்த நாள்.
இழுத்துவந்து போட்டார்கள், ஊர் கேட்க அழுதேன்.
"ரெண்டு வருஷம்தானே ஆகுது? இன்னிக்கு ஊசி வேண்டாம்"
என்றார் செவிலியர்.

வீட்டில் சிவநேசனின் லென்ஸை வாங்கிவைத்துக்கொண்டு
நோட்டைத் திறந்தேன்.

முதல் நாள்.
ரத்தம் நின்றுவிட்டது.
புத்தகத்தில் அந்தப் பக்கத்தை முன்பே படித்திருக்கிறேன்,
இரண்டு மதிப்பெண் கேள்வி.
தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும்,
ஃபைப்ரின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாய்ப் பின்னி
சிவப்பணுக்களை வாரி நிறுத்தும்.
வலை!
எங்கள் வீட்டில் வலை பின்ன
ஊசி வேண்டும், நைலான் வேண்டும்,
கண் அளவு பற்றி ஒரு சண்டை வேண்டும்.
இதுவோ இருட்டில், ஈரத்தில்,
நான் அழுதுகொண்டிருந்த நேரத்திலேயே
முடிந்துவிட்டிருக்கிறது.

இரண்டாம் நாள்.
விரல் மத்தியான மணலாய்ச் சுடுகிறது.
வெள்ளையணுக்கள்
ரத்தக் குழாயின் சுவரிடுக்கில் உடம்பை நெளித்து
வெளியே வந்து, கிருமியை வளைத்து, விழுங்கும்.
'துறைமுகத்தில் படகு வந்ததும்
ஏலக்காரர்கள் ஓடுவதுபோல்' என்று எழுதினேன்.
அடித்துவிட்டேன்.
ஏலக்காரர்கள் சாவதில்லை.
இவர்கள் விழுங்கிவிட்டுச் செத்தும் போகிறார்கள்.
கட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் துளியில்
எத்தனை லட்சம் பேரோ.

சிவப்பு மணிக்கட்டுப் பக்கம் நடந்தாலோ,
காய்ச்சல் வந்தாலோ உடனே வரச் சொன்னார்கள்.
பேனாவால் அதன் எல்லையை வரைந்துவைத்தேன்.
மறுநாள் கோட்டைத் தாண்டவில்லை.
அதற்கு மறுநாள்
கோட்டைவிட்டு உள்ளே போயிருந்தது.

நான்காம் நாள்.
ரணஜன்னி துருவில் குடியிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.
மண்ணில்தானாம் அந்தக் கிருமி.
காற்றுப் புகாத ஆழமான காயம் கிடைத்தால்
அதற்குக் கொண்டாட்டம்.
தூண்டில் முள் தோண்டுவது அப்படியொரு குழியைத்தான்.
ஆனால் எனக்குள் எங்கோ சில அணுக்கள்
அதன் நஞ்சு எப்படியிருக்கும் என்று தெரிந்துவைத்திருக்கின்றன.
ஊசி போட்டது இடது கையா, வலது கையா,
எனக்கே மறந்துவிட்டது.
அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்தவளுக்கும் சேர்த்து
அவை பாடம் படித்து முடித்திருக்கின்றன.

ஒன்பதாம் நாள்.
ரெஜினாவின் இதயத்தில் பல்பு எரிந்தது.
சிவநேசனின் இடது நுரையீரல் வெடித்தது.
என் மேசையில்
ஒரு நோட்டு, ஒரு லென்ஸ்,
பொருக்குத் தட்டிய ஒரு கட்டைவிரல்.

"மாடல் எங்கக்கா?" என்றான்
ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன்.
விரலை நீட்டினேன்.
பொருக்கைப் பிய்க்க வந்தான்.
"தொடாதே. கை கழுவிட்டு வா, காட்டறேன்."

ஓடினான். வரமாட்டான் என்றுதான் நினைத்தேன்.
வந்தான், கையெல்லாம் சோப்பு வாசனையோடு,
ஈரத்தை
அழுக்குச் சட்டையில் துடைத்துக்கொண்டே.