நாண் கழற்றிய வில்

நாளை அமலிக்குத் திருமுழுக்கு.
இரணைப்பாலையில் பின்னேர மழை விட்டதும்
நந்திக்கடல் பக்கம் வானவில் விழுந்தது.
"ஆரம்மா சுடுறது?" என்றான் நிறோஜன்.
வில் என்றால் அவனுக்கு அம்பும் இருக்கவேணும்.

வடிவாய்ப் பார், நாண் இல்லை என்றேன்.
பெருவெள்ளம் வடிந்த அன்று கடவுள்
தன் வில்லின் நாணைக் கழற்றி
முகிலிலே மாட்டிவிட்டார்.
வளைவின் முதுகு எங்கே பார்க்கிறது, சொல்?
மேலே.
அம்பு புறப்பட்டாலும் அவர் நெஞ்சுக்குத்தான் போகும்.
அதைக் கண்டு ஞாபகம் கொள்ளப் போகிறவரும் அவர்தான்.

"கடவுளுக்கும் மறதியோ?" இது மெர்சி.
மறதி இல்லைப் பிள்ளை,
சொன்னதை எழுதிக் கொடுக்கிற ஆள்.
எங்கள் காணி உறுதி இடம்பெயர்வோடு போய்விட்டது,
கச்சேரியில் இன்றைக்கும் கேட்கிறார்கள்.
அவர் தன் உறுதியை
ஒருவரும் தொலைக்க முடியாத இடத்தில் எழுதினார்.

"அப்ப தங்கச்சிக்கு ஊத்துற தண்ணி?"

எனக்குத் தெரிந்த ஒரே உவமை என் வேலைதான்.
கண்ணிவெடி எடுக்கும் நிலத்தில்
சிவப்புத் தலைத் தடி நின்றால், கால் வையாதே.
வெள்ளைத் தடி நின்றால், வா.
வெள்ளைத் தடி வெடியை எடுப்பதில்லை.
ஆரோ முழங்காலில் நின்று
மண்ணை விரல்விரலாய் வழித்து
எடுத்துவிட்டார்கள் என்று சொல்லும், அவ்வளவுதான்.
ஆனாலும் அந்தத் தடி இல்லாமல்
துப்புரவான மண்ணிலும்
ஒருத்தரும் நடக்கமாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு அது போதும்.
புட்டுக்கு ஓடிவிட்டார்கள்.

எனக்குப் போதவில்லை.
மெற்றில்டா அக்கா விளக்கடியில் இருந்தா,
ஞானத்தாய்,
வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துத் தைத்தபடி.

அந்த மாசி மாதம். ஒரே பங்கர்.
அவவின் மடியில் கைக்குழந்தை,
என் மடியில் தம்பி,
என் பாவாடை மடிப்புக்குள் பால்மா ரின்.
"ஒரு கரண்டி இருக்கே, பிள்ளை?"
இல்லை என்றேன்.
அந்தக் குழந்தை நந்திக்கடலைக் கடக்கவில்லை.
காய்ச்சலோ பசியோ, நான் கேட்டதில்லை.

சுவாமியாரிடம் நான்கு தரம் சொல்லியிருக்கிறேன்.
நான்கு தரமும் மன்னிப்புக் கிடைத்தது,
நான்கு தரமும் கோயில் வாசலில்
மெற்றில்டா அக்காவைக் கண்டு
மற்றப் பக்கத்தால் போனேன்.
வில்லுக்கும் நாண், வெட்கத்துக்கும் நாண்;
என்னுடையது இறுகியே கிடந்தது.

இன்றைக்குச் சொன்னேன்.
சொல்லி முடிய எனக்குக் கனநேரம் எடுத்தது.
ஊசி நிற்கவில்லை.

"தெரியும்," என்றா.
"மூடி திறந்த சத்தம் கேட்டது."

தெரிந்துகொண்டா அன்றைக்கு
மீள்குடியேறிய எங்களுக்குத் தகரம் பிடித்துத் தந்தீர்கள்?
தெரிந்துகொண்டா என் பிள்ளைப்பேற்றுக்கு
முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் மூன்று இரவு இருந்தீர்கள்?
இதை நான் கேட்கவில்லை.
"எப்ப மன்னிச்சனீங்கள்?" என்றுதான் வந்தது.

"ஒருநாளில எங்க?
கொஞ்சம் கொஞ்சமாய்.
சில நாளில ஏலாது.
அந்த நாளிலதான் உன்ர வீட்டுக்கு வாறனான்."

நூலைப் பல்லால் கடித்தா.
சட்டையைத் தூக்கி விளக்கில் பிடித்தா,
இரண்டு கைகள், வெள்ளை, நடுவில் ஒளி.
கழுத்துக் கொஞ்சம் பெரிது.

நான் அழுதேன் என்று நினைக்கிறேன்.
அவ என்னைத் தேற்றவில்லை.
உள்ளே எட்டி, தூங்குகிற அமலியின் மூக்கைத் துடைத்துவிட்டு,

"மழைக்குப் பிறகு கிணறு குளிரும்," என்றா.
"சுவாமியிட்டச் சொல்லி
நாளைக்குத் தண்ணியைச் சூடாக்கச் சொல்லு.
பிள்ளைக்குத் தடிமன்."