இடது புருவம் பாக்கி

எனக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் தலைகீழ்.
மோவாய் மேலே, நெற்றி கீழே.
மஞ்சக்குப்பம் கடைத்தெருவில் யாராவது
எதிரே வந்து சிரித்தால்
ஆள் பிடிபட ஒரு நொடி ஆகிறது.

பல்லில் நூல், விரலில் நூல்,
பிடரி மட்டும் எப்போதும் கூரையைப் பார்த்து.
பதினேழு வருஷம்.
ஒரு புருவத்துக்கு நாலு நிமிஷம் என்று
கணக்குப் போட்டால்...
வேண்டாம், அதுவும் கழுத்தில்தான் ஏறும்.

நான் விழிக்கும்போது
வலி ஏற்கெனவே விழித்திருக்கிறது.
இட்லிக் குண்டானை இறக்கும்போது
இடுப்புக்கு இறங்கும்.
மத்தியானம் தோள்பட்டை.
ராத்திரி மூன்று விரல் மரத்துப்போகும்,
நூல் பிடிக்கிற அதே மூன்று.

ஜிப்மருக்கு நாலரை மணி பஸ்.
கன்னியக்கோவில் வரைக்கும்
ஒவ்வொரு வேகத்தடையையும்
டிரைவருக்கு முன்னால் முதுகு பார்த்துவிடும்.
கோரிமேட்டில் வரிசை.
வரிசையில் நிற்கத் தெம்பிருந்தால்
நான் ஏன் அந்த வரிசைக்கு வருகிறேன்?

ஸ்கேன் குழாய்க்குள்
அசையக் கூடாது என்றார்கள்.
டமடமவென்று அடித்த சத்தத்தில்
தூங்கிப்போனேன்.
பகலில் நான் படுத்தது
அந்த இருபது நிமிஷம்தான்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்த டாக்டர்
சின்னப் பையன்.
"தேய்மானம்" என்றார், செருப்பைச் சொல்வதுபோல.
ஐந்தாவது எலும்பும் ஆறாவதும்
ரொம்ப நெருங்கிவிட்டதாம்.
எங்கேயோ யாரோ நெருங்கியிருந்தால் சரி என்றேன்.
அவர் சிரிக்கவில்லை, எழுதினார்.
"வேற வேலை பாக்க முடியுமா?"
நான் அவர் புருவத்தைப் பார்த்தேன்.
நடுவில் சேர்ந்திருந்தது.

அப்புறம் நொச்சித்தழை ஒத்தடம்.
நெல்லிக்குப்பத்தில் ஒரு வர்ம வைத்தியர்:
வெளியே வந்தபோது வானம் முழுசாகத் தெரிந்தது,
பஸ் ஏறியதும் பழையபடி.
இலவம்பஞ்சுத் தலையணை, ஸ்பாஞ்சுத் தலையணை,
ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு
அலைபோல் வளைந்த ஒன்று,
கடைசியில் சுருட்டிய துண்டு.
தைல வாடை தாங்காமல்
அவர் ஹாலில் படுக்கிறார்.
இரண்டு பேருக்கும் அது சௌகரியம் என்று
சொல்லிக்கொள்கிறோம்.

கழுத்துப்பட்டையோடு கடை திறந்தால்
வருகிறவர்கள் எல்லாம் வைத்தியர்கள்.
கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்:
தரையில படுங்க.
யோகா நல்லது.
குனியாதீங்கக்கா.
குனிந்துதான் கேட்டுக்கொள்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை
சிங்காரத்தோப்பிலிருந்து அஞ்சலாட்சி வந்தாள்.
மகளுக்குக் கல்யாணம்,
தனக்கு முதல் புருவம்.
அலுமினியக் கூடையை வாசலில் கவிழ்த்து,
கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள்.
நாற்காலியில் சாய்த்தேன்.
கழுத்து சாயவில்லை.
"அவ்ளோதாம்மா போவும்.
கூடை உக்காந்த எடம்."
நானும் குனியப் பார்த்தேன்.
எனக்கும் அவ்வளவுதான் போனது.
அவள் தலை பின்னால் போகாது,
என் தலை கீழே இறங்காது,
நடுவில் ஒரு சாண் நூல்.

சிரித்துவிட்டோம்.
சிரித்ததும் வலித்தது, இரண்டு பேருக்கும்.

எங்கே வலி, எத்தனை நாளாய்,
பத்துக்கு எத்தனை மார்க்,
எல்லாம் கேட்டிருக்கிறார்கள்.
அவள் கேட்டாள்:
"எந்தப் பக்கமா படுப்ப?"
"உக்காந்துகிட்டு" என்றேன்.
"நானும் செவுத்துல சாஞ்சிதான்,
மூணு மணிக்கு லாஞ்சி சத்தம் கேக்குற வரைக்கும்."
அதே மூணு மணிக்கு
நானும் சுவரில் இருப்பேன்.
அவள் சுவருக்கும் என் சுவருக்கும் நடுவே
ஒரு ஆறு, ஒரு பாலம், தெருநாய்கள்.

கடைசியில் அவளை எழுந்து நிற்கச் சொன்னேன்.
ஏறக்குறைய ஒரே உயரம்.
நெற்றி மேலே இருந்தது, மோவாய் கீழே.
கொஞ்சம் தடுமாறினேன்,
எந்தப் பக்கம் இழுப்பதென்று.
அவள் கண்ணில் நீர் வந்தது.
நூலுக்கு எல்லோருக்கும் வருவதுதான்.

வலது முடிந்தது.
"கொஞ்சம் இரும்மா" என்று
சுவரில் சாய்ந்தேன்.
"பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு" என்று
அவளும் பக்கத்தில் வந்து சாய்ந்தாள்.

இடது புருவம் பாக்கி.