திறப்பு

வழக்கறிஞரின் அலுவலகத்தில் ஒரு கடித உறை தந்தார்கள்.
உள்ளே நான்கு திறப்புகள்.
எது எந்தக் கதவுக்கு என்று
ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை.

ஹமில்டனில், பார்ட்டன் வீதிக்குப் பின்னால்,
ஒட்டிப் பிறந்த இரண்டு வீடுகளில் இடப்பக்கத்தது.
செங்கல் நல்லது என்றார் பரிசோதிக்க வந்தவர்.
கூரை இன்னும் ஆறு வருடம் பொறுக்கும் என்றார்.
நிலவறை ஈரத்தைப் பற்றி அவர் சொன்ன வசனத்தில்
‘ஆனால்’ இரண்டு தடவை வந்தது.

எட்டு வருடச் சீட்டுக்காசு.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
யார் யாரோ படுத்த விரிப்புகளை
இரவிரவாக மடித்த விரல்கள்.
மிச்சத்துக்கு வங்கி.
உறுதியில் என் பெயரை முழுதாக எழுதினார்கள்:
சுகிர்தமலர் தில்லையம்பலம்.
இந்த நாட்டின் எந்தப் படிவத்துக் கட்டத்துக்குள்ளும்
அடங்காத பெயர்.
கடன் என்றதும் கட்டத்தை நீட்டிவிட்டார்கள்.

மின்கட்டண உறையின் முதுகில் கணக்கு.
மேல்வீடு ஆயிரத்து எழுநூறு, கீழ்வீடு ஆயிரத்து நானூறு.
கடன், நகரசபை வரி, காப்புறுதி, தண்ணீர்.
மிஞ்சுவது நூற்றறுபது டொலர்.
தயாபரன் உறையைத் திருப்பிப் பார்த்தார்,
மற்றப் பக்கத்திலும் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று.

கீழ்வீடு பார்க்கப் பதினொரு பேர் வந்தார்கள்.
ஆறு மாத வாடகையை முன்பணமாய் நீட்டினார் ஒருவர்,
என் முகத்தைப் பார்க்காமல்.
ஒரு பெடியன் மட்டும்
குசினிக் குழாயைத் திறந்து
சுடுதண்ணீர் வரும்வரை விரலைப் பிடித்தபடி நின்றான்.
நானும் அப்படித்தான் வீடு பார்த்தவள்.
அவனுக்கே கொடுத்தேன்.

மேல்வீட்டு டெனிஸ் வீட்டோடு வந்தவள்,
கூரையைப் போல, ஈரத்தைப் போல.

தை மாதம், விடியப்புறம் மூன்று நாற்பது.
‘சூடு வரவில்லை’ என்றாள் தொலைபேசியில்.
ஸ்காபரோ நிலக்கீழ் அறையில்
பன்னிரண்டு குளிர்காலம் இதைச் சொன்னவள் நான்.
மறுமுனையில் ஒரு கொட்டாவி சொல்லும்:
‘ரெண்டு ஸ்வெட்டர் போடுங்கோ, விடியட்டும்.’
அந்த வசனம் இப்போது என் நாக்கில் இருந்தது.
ஒரு கணம்
அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

எழும்பிப் போனேன்.
ஃபர்னஸ்காரனுக்கு அறுநூற்று நாற்பது.
நான்கு மாத மிச்சம்
நீலச் சுவாலையாய்ப் பற்றிக்கொண்டது.

வருடம் திரும்பியது.
வாடகை கூட்டலாம், சட்டம் விடுகிற அளவுக்கு,
தொண்ணூறு நாள் முன்னறிவித்தலோடு.
கடிதத்தைக் காரிலே வைத்து
இரண்டு கிழமை ஓடித் திரிந்தேன்.
வரி கூடிவிட்டது, காப்புறுதி கூடிவிட்டது என்று
கண்ணாடிக்கு ஒத்திகை.
ஸ்காபரோக்காரரும் இப்படித்தான் பேசிப் பழகியிருப்பாரோ,
சவரம் செய்தபடி?

என் வீட்டுக் கதவை நானே தட்டிவிட்டு
நிற்கிறேன்.
திறப்பு கைப்பைக்குள்தான் கிடக்கிறது.
படிகளில் இறங்கி வரும் காலடியை எண்ணுகிறேன்.

டெனிஸ் வாசலிலேயே வாசித்தாள், உதடு அசைய.
முப்பத்தைந்து டொலர் எழுபது சதம்.
‘சரி’ என்றாள்.
கடிதத்தை நாலாக மடித்தாள்.
‘குளியலறைக் குழாய் சொட்டுகிறது.
இரவெல்லாம் எண்ணிக்கொண்டு கிடக்கிறேன்.’

நானும்தான் என்று சொல்லவில்லை.
காரிலிருந்து குறட்டை எடுத்து வந்து
கதவடியில் சப்பாத்தைக் கழற்றினேன்.
அவள் என் காலுறையின் பொத்தலைப் பார்த்தாள்.
பார்க்காததுபோல் விளக்கைப் போட்டாள்.

வாஷர் தேய்ந்திருந்தது.
மாற்றி, இறுக்கி,
இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக் கேட்டோம்.
ஒரு சொட்டு.
பிறகு இல்லை.
பிறகு, இன்னும் ஒன்று.